கொக்கி உளியால் மரத்தைக் குடைதல்: புதிதாகக் கற்போருக்கு ஒரு வழிகாட்டி

லேத்தில் மரத்தின் வெளிப்புறத்தைக் கடைவதில் ஓரளவு கை தேர்ந்தவர்கள்கூட, கிண்ணமோ குவளையோ செய்ய உட்புறத்தைக் குடையத் தொடங்கும்போது தடுமாறுவதுண்டு. வெளியே கடையும்போது வெட்டும் இடம் கண்ணுக்குத் தெரியும். உளித்தாங்கி அதற்கு மிக அருகில் இருக்கும். குடையும்போது உளி தாங்கியைத் தாண்டி நெடுந்தூரம் உள்ளே நீள்கிறது, வெட்டும் இடம் பாதி மறைந்துவிடுகிறது, மரத்தின் இழைகளும் உளிக்கு ஒத்துழைக்க மறுக்கின்றன. இந்த மூன்றாவது சிக்கலுக்காகவே உருவான கருவி கொக்கி உளி. முனை கொக்கிபோல் வளைந்து, அந்த வளைவே வெட்டும் கூராக அமைந்திருப்பதால் இந்தப் பெயர்.

இது புதிய கருவி அன்று. கால்மிதியும் வளையும் கம்பும் கொண்டு இயங்கிய பழைய லேத்துகளில் கிண்ணங்கள் பெரும்பாலும் இரும்பை அடித்துச் செய்த கொக்கிகளால்தான் குடையப்பட்டன. இங்கிலாந்தின் பக்கிள்பரி என்னும் ஊரில் 1958இல் மறைந்த ஜார்ஜ் லெய்லி, ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் கிண்ணங்களைக் கொக்கிகளைக் கொண்டே பிரித்தெடுத்தவர். அவருடைய லேத்தும் கருவிகளும் ரெடிங் நகரில் உள்ள ஆங்கிலேயக் கிராமிய வாழ்க்கை அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. மோட்டார் லேத்தும் அதிவேக எஃகும் வந்த பின் பலர் குழி உளிக்கும் சுரண்டு உளிக்கும் மாறிவிட்டனர். ஆனால் இழை நெட்டுவாக்கில் ஓடும் ஈர மரத்தை ஆழமாகக் குடைந்து, உப்புத்தாள் அதிகம் தேவைப்படாத மேற்பரப்பைப் பெற வேண்டுமானால் கொக்கி உளிக்கு நிகரான கருவி குறைவு என்பதே என் கருத்து.

இழையைப் புரிந்துகொள்ளுங்கள்

கருவியைக் கையில் எடுக்கும் முன் மரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை மனத்தில் படம்போல் வரைந்துகொள்ள வேண்டும். குவளை, சிமிழ், சாடி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் மரத்தை அது வளர்ந்த போக்கிலேயே, அதாவது நார்கள் லேத்தின் அச்சுக்கு இணையாக ஓடும்படி பொருத்துகிறோம். அப்படிப் பொருத்திய கட்டையின் வாய்ப்பக்கத்தைப் பார்த்தால், நுனி மட்டும் தெரியும்படி நார்கள் நெருக்கமாக நின்றுகொண்டிருக்கும். சுரண்டு உளியால் இவற்றை அழுத்தினால் அறுபடுவதற்குப் பதிலாக மடங்கிப் பிய்கின்றன. குடைந்த பாத்திரத்தின் அடிப்பகுதியில் சொரசொரப்பும் சிறு பள்ளங்களும் தோன்றுவது இதனால்தான்.

இதற்குத் தீர்வு இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, நாரைக் குறுக்கே சாய்வாக அறுக்கும் கூர். அதைக் கொக்கி தருகிறது. இரண்டாவது, வெட்டும் திசை. நெட்டிழை மரத்தில் உட்புறத்தை நடுவிலிருந்து விளிம்பை நோக்கித்தான் வெட்ட வேண்டும். அப்போது அறுபடும் ஒவ்வொரு நாருக்கும் பின்னால் வெளிப்புற மரம் முழுவதும் முட்டுக்கொடுத்து நிற்கும். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வெட்டினால் நாருக்குப் பின்னால் வெறும் குழிதான் இருக்கும். தாங்க ஏதும் இல்லாத நார் பிய்ந்துகொண்டு வரும். இழை குறுக்காக ஓடும் அகன்ற கிண்ணங்களில் இந்த விதி தலைகீழாக மாறி, விளிம்பிலிருந்து நடுவுக்கு வெட்டுவதே சரியாகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கற்கப் புகுந்தால் கை குழம்பும் என்பதால் முதலில் நெட்டிழை மரத்தில் மட்டும் பழகுங்கள். இந்தக் கட்டுரையும் அதைப் பற்றியே பேசுகிறது.

உளியைத் தேர்ந்தெடுத்தல்

முதல் உளியை வாங்குவதே நல்லது. கொக்கியின் வெளிவிட்டம் 12 முதல் 16 மி.மீ. வரை இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். கொக்கி பெரிதாக ஆக அது ஒரே நேரத்தில் தொடும் மரத்தின் பரப்பும் கூடும். பரப்பு கூடினால் கை தாங்க வேண்டிய விசையும் கூடும். தண்டு தடிமனாகவும் கைப்பிடி நீளமாகவும் இருக்க வேண்டும். தாங்கியைத் தாண்டி மரத்துக்குள் எவ்வளவு நீள்கிறதோ அதைப் போல் குறைந்தது 4 அல்லது 5 மடங்கு நீளம் தாங்கிக்குப் பின்னால் உங்கள் பிடியில் இருக்க வேண்டும் என்பது நெம்புகோல் கணக்கு. 6 செ.மீ. ஆழம் குடைய வேண்டுமானால் தண்டும் கைப்பிடியும் சேர்ந்து பின்புறம் 30 செ.மீ. இருப்பது பாதுகாப்பானது.

சில உளிகளில் கொக்கியின் மேல் ஒரு சிறு மூடி இருக்கும். கூருக்கும் மூடிக்கும் இடையிலுள்ள இடைவெளி, சீவல் எவ்வளவு தடிமனாக வரலாம் என்பதைக் கட்டுப்படுத்துவதால் உளி மரத்தில் மாட்டிக்கொள்வது பெருமளவு குறைகிறது. தொடக்கத்தில் இந்த மூடி பெரிய உதவி. ஆனால் ஈர மரத்தில் சீவல் அந்த இடைவெளியில் அடைத்துக்கொண்டால் அடிக்கடி நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் அறிந்திருங்கள்.

தாமே கொக்கி அடித்துக்கொள்ள விரும்புவோர் பின்னர் அதைச் செய்யலாம். கரிம எஃகுக் கம்பியைச் சூடேற்றி வளைத்து, வடிவம் கொடுத்த பின், காந்தம் ஒட்டாத நிலையைச் சற்றே தாண்டி ஏறக்குறைய 800 பாகை செல்சியஸ் வரை சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்த வேண்டும். பிறகு மேற்பரப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, வைக்கோல் நிறம் தோன்றும் 220 முதல் 240 பாகை வரை மீண்டும் சூடாக்கிப் பதம் தணிக்க வேண்டும். இந்த இரண்டாவது சூட்டைத் தவிர்த்துவிட்டால் எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையுடன் இருக்கும். அப்படிப்பட்ட கொக்கியைச் சுழலும் மரத்துக்குள் கொண்டுசெல்லக் கூடாது.

கூர் தீட்டுதல்

கொக்கியின் வெளிப்புறத்தில் கூருக்குக் கீழே பட்டையாகத் தெரியும் பகுதியைச் சாய்வுமுகம் என்போம். வெட்டும்போது மரத்தின் மேல் உரசி உளியைத் தாங்குவது இதுதான் என்பதால் இதன் வடிவத்தை அடிக்கடி மாற்றக் கூடாது. தினசரிக் கூர்மைக்குக் கொக்கியின் உட்புறத்தைத் தீட்டினாலே போதும். கூம்பு வடிவ வைரக்கம்பியையோ உருண்டையான சிறு சாணைக்கல்லையோ கொக்கிக்குள் நுழைத்து, உள்முகத்தோடு படிய வைத்து, வளைவு முழுவதும் சீராகத் தேயுங்கள். வெளிப்புறத்தில் நகத்தால் வருடினால் மெல்லிய பிசிர் தட்டுப்பட வேண்டும். அந்தப் பிசிரை நுண்ணிய கல்லால் இரண்டு முறை வெளிப்புறம் தொட்டு நீக்கிவிடுங்கள்.

வெளிச் சாய்வுமுகத்தைச் சாணைச் சக்கரத்தில் பிடிக்க நேரும்போது மிக மெதுவாகத் தொட்டு, அடிக்கடி நீரில் நனைத்து ஆற்ற வேண்டும். கரிம எஃகில் கூர் நீலமாக மாறிவிட்டால் அந்த இடத்தில் கடினம் போய்விட்டது என்று பொருள். நீலம் மறையும் வரை தேய்த்து நீக்கியாக வேண்டும். மழுங்கிய கொக்கியோடு பழகுவதைப்போல் கற்பவரின் மனத்தைத் தளரச் செய்வது வேறொன்றும் இல்லை. கூர் குறைந்தால் கை தானாகவே அழுத்தம் கொடுக்கும்; அழுத்தம் கொடுத்தால் உளி மாட்டும். ஆகவே ஒவ்வொரு குவளைக்கும் நடுவே ஒரு முறையாவது நிறுத்தித் தீட்டுங்கள்.

மரத்தைத் தயார் செய்தல்

பழகுவதற்கு அண்மையில் வெட்டிய, முடிச்சில்லாத, நேரான இழையுள்ள மென்மையான மரக்கட்டை வேண்டும். விட்டம் 8 முதல் 10 செ.மீ., நீளம் 12 செ.மீ. அளவில் இருக்கட்டும். காய்ந்த வன்மரம் இந்த உளிக்கும் உங்களுக்கும் தொடக்கத்தில் பகை. பழகும் கட்டையில் நடுத்தண்டின் சோற்றுப்பகுதி இருந்தால் பரவாயில்லை; வைத்துக்கொள்ளப் போகும் பாத்திரத்துக்கு மட்டும் அதைத் தவிர்த்துப் பிளந்த துண்டை எடுங்கள், ஏனெனில் காயும்போது விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

இரு முனைகளுக்கும் இடையே பிடித்து உருளையாகக் கடைந்து, ஒரு முனையில் சக் (லேத்தில் மரத்தைத் தாடைகளால் இறுகப் பிடிக்கும் பாகம்) கவ்வுவதற்கான காம்பை வெட்டுங்கள். காம்பின் தோள் சக்கின் தாடை முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். ஈர மரம் சக்கின் அழுத்தத்தில் நசுங்கித் தளரும் என்பதால் வேலையின் நடுவே ஓரிரு முறை சக்கை மீண்டும் இறுக்க மறக்காதீர்கள்.

அடுத்து நடுவில் 10 அல்லது 12 மி.மீ. துளையிடுங்கள். டெயில்ஸ்டாக்கில் (லேத்தின் வால்பக்கத்தில் முன்னும் பின்னும் நகரும் பாகம்) துளைப்பானைப் பொருத்தி, லேத்தை மெதுவாகச் சுழலவிட்டு, தேவையான ஆழத்துக்கு 5 மி.மீ. குறைவாக நிறுத்திக்கொள்ளலாம். முதல் குவளைக்கு 5 அல்லது 6 செ.மீ. ஆழம் போதும். இந்தத் துளைக்கு இரண்டு பயன்கள் உண்டு. சரியான மையத்தில் மரம் நகர்வதே இல்லை. அங்கே எந்தக் கூரும் வெட்டாது, அழுத்தத்தான் செய்யும். துளை அந்த அசையாப் புள்ளியை அகற்றி, கொக்கிக்கு நுழைவாயில் தருகிறது. கூடவே எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைக் குடையும் நேரம் முழுவதும் காட்டிக்கொண்டிருக்கிறது.

தாங்கியும் நிற்கும் நிலையும்

உளித்தாங்கியைக் கட்டையின் வாய்க்குக் குறுக்கே, கையால் சுற்றினால் தட்டாத அளவுக்கு நெருக்கமாக வையுங்கள். அதன் உயரத்தை, உளி கிடைமட்டமாக இருக்கும்போது கொக்கியின் கூர் மைய உயரத்தில் அல்லது ஓரிரு மி.மீ. மேலே இருக்கும்படி அமையுங்கள். இதில் ஒரு காரணம் இருக்கிறது. உட்சுவரின் இடப்புறத்தில் மரம் மேலிருந்து கீழே வந்து உளியைக் கீழே தள்ளுகிறது. கூர் மையத்துக்கு மேலே இருந்தால், கீழே தள்ளப்படும்போது சுவர் அதைவிட்டு விலகிப் போகும், உளி விடுபடும். மையத்துக்குக் கீழே இருந்தால், கீழே தள்ளப்படும் கூர் நேராகச் சுவருக்குள் புதைந்துகொள்ளும்.

வேகம் நிமிடத்துக்கு 600 முதல் 1000 சுற்றுகள் இருந்தால் போதும். முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் அணியுங்கள். தளர்ந்த சட்டைக்கையோ கயிறோ சங்கிலியோ வேண்டாம். லேத்தின் வால்பக்கம் நின்று, கைப்பிடியை இடுப்போடு சேர்த்துப் பிடியுங்கள். டெயில்ஸ்டாக் அகலக்கூடிய லேத்தாக இருந்தால் அதை முழுவதும் விலக்கிவிடுங்கள். இடக்கை தாங்கியின் மேல் உளியை அழுத்திப் பிடிக்கட்டும். வலக்கை கைப்பிடியைச் சுழற்றவும் திசை மாற்றவும் மட்டும் பயன்படட்டும்.

லேத்தை ஓட்டாமல் ஒரு முறை

இந்தப் படியைத் தாண்டிச் செல்லும் ஆசை எல்லோருக்கும் வரும், தாண்டாதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கொக்கியின் முனையைத் துளையின் இடப்பக்க ஓரத்தில் வையுங்கள். உங்கள் பார்வையில் உளியின் முனையைக் கடிகார முகமாக எண்ணிக்கொண்டால், கொக்கியின் திறந்த வாய் முதலில் 9 மணித் திசையை, அதாவது நேராக இடப்புறத்தை நோக்கியிருக்க வேண்டும். சாய்வுமுகம் மரத்தின் முகத்தோடு படிந்திருக்கட்டும். இப்போது ஓர் உதவியாளரோ நீங்களோ மரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் எதுவும் வெட்டாது. உளி வெறுமனே உரசும்.

அப்படியே கைப்பிடியைச் சிறிது சிறிதாக வலப்புறம் உருட்டுங்கள். கொக்கியின் வாய் 10 மணியை நெருங்கும்போது கூர் மரத்தைக் கவ்வத் தொடங்கி, முடி அளவு மெல்லிய சீவல் கொக்கிக்குள் எழும். 10 மணிக்கும் 11 மணிக்கும் நடுவே, ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில், சீவல் தடையின்றிச் சுருண்டு வரும். அதற்கு மேலும் உருட்டி 12 மணிக்குக் கொண்டுபோனால் கூர் முழுவதும் மரத்துக்கு எதிராகக் குறுக்கே நிற்கும். சாய்வுமுகத்தின் தாங்கல் போய்விடும். கையால் சுற்றும்போதே மரம் அந்த நிலையில் வெடுக்கென்று நிற்பதை உணர்வீர்கள். லேத் ஓடும்போது அதே நிலை ஏற்பட்டால் என்ன ஆகும் என்பதைக் கை இப்போதே அறிந்துகொள்ளட்டும்.

கொக்கி உளியின் நுட்பம் அனைத்தும் இதில் அடங்கியிருக்கிறது: முதலில் சாய்வுமுகம் தொட வேண்டும், பிறகுதான் கூர். பென்சில் சீவும்போது கத்தியைப் படுக்கவைத்து, பின் சற்றே நிமிர்த்தி வெட்டைத் தொடங்குவதைப் போன்ற அசைவுதான் இது. வேறுபாடு, இங்கே நிமிர்த்துவதற்குப் பதில் உருட்டுகிறோம்.

முதல் வெட்டு

லேத்தை ஓட்டுங்கள். உளியைத் தாங்கியில் வைத்த பிறகே மரத்தை நெருங்குங்கள். வாய் 9 மணியில் இருக்க, முனையைத் துளைக்குள் 3 அல்லது 4 மி.மீ. நுழைத்து, சாய்வுமுகம் உரசும் ஒலியைக் கேளுங்கள். மெதுவாக வலப்புறம் உருட்டுங்கள். சீவல் எழுந்ததும் உருட்டுவதை நிறுத்தி, அந்தச் சாய்வை அப்படியே காத்துக்கொண்டு, கைப்பிடியை வலப்புறமாக நகர்த்துங்கள். தாங்கி அச்சாக நிற்பதால் கைப்பிடி வலப்புறம் போகும்போது கொக்கி இடப்புறம், அதாவது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகரும். வெட்டு விளிம்பை நெருங்கும்போது உளியைச் சற்றே உங்களை நோக்கி இழுங்கள். இப்படி ஆழமற்ற தட்டுபோல் ஒரு குழிவு உருவாகும். மீண்டும் துளைக்குத் திரும்பி, 1 அல்லது 2 மி.மீ. ஆழமாகத் தொடங்குங்கள்.

வெட்டு சரியாக இருக்கிறதா என்பதைச் சீவலே சொல்லிவிடும். ஈர மரத்தில் நல்ல வெட்டு நீண்ட, ஈரம் கசியும், சுருண்ட நாடாவைத் தரும். ஒலி இடைவிடாத மெல்லிய சீறலாக இருக்கும். சீவல் தூளாக வந்தால் கூர் மழுங்கியிருக்கிறது, அல்லது சாய்வுமுகம் மரத்தை விட்டு எழும்பிவிட்டது. ஒலி கடகடவென்று மாறினால் உளி அதிர்கிறது: வெட்டின் தடிமனைக் குறையுங்கள், தாங்கியை இன்னும் நெருக்குங்கள். சுவரில் திருகாணி மரைபோல் வரிகள் விழுந்தால் கையை மிக வேகமாக நகர்த்தியிருக்கிறீர்கள்.

சீவல் உள்ளே நிறைந்ததும் லேத்தை நிறுத்தி வெளியே எடுங்கள். சுழலும் குழிக்குள் விரலை நுழைக்கும் பழக்கம் ஒருபோதும் வரக் கூடாது. சீவல் விரலைச் சுற்றிக்கொண்டு இழுத்துவிடும்.

ஆழம் கூடும்போது

குழிவு 2 அல்லது 3 செ.மீ. ஆழத்தை எட்டியதும் வேலையின் தன்மை மாறுகிறது. அதுவரை ஒரே வளைவாக இருந்த வெட்டு, இப்போது அடி, மூலை, சுவர் என்று மூன்று பகுதிகளாகப் பிரிகிறது. அடியில் வெட்டு எளிது. சுவரில் உளியை வெளிநோக்கி இழுப்பதும் எளிது. இரண்டும் சந்திக்கும் மூலைதான் ஆபத்தான இடம், ஏனெனில் அங்கே கொக்கியின் முன்புறம் அடியையும் இடப்புறம் சுவரையும் ஒரே நேரத்தில் தொடுகின்றன. கூரின் மிக நீண்ட பகுதி ஒரே சமயத்தில் வெட்டத் தொடங்குவதால் விசை பல மடங்காகி, உளி கையை மீறிச் சுழன்றுவிடுகிறது.

இதைத் தவிர்க்க, உட்புறத்தின் வளைவைக் கொக்கியின் வளைவைவிட எப்போதும் பெரிதாக வைத்திருங்கள். செங்குத்தான மூலை வேண்டும் என்ற ஆசையை முதல் சில குவளைகளில் விட்டுவிடுங்கள். மூலையை அணுகும்போது உளியைச் சற்று 9 மணியை நோக்கி மூடி, சீவலை மெலிதாக்கி, நகர்வைக் குறைத்து, வளைவைக் கடந்த பிறகே மீண்டும் பழைய சாய்வுக்குத் திறங்கள். இந்த மூடுதலும் திறத்தலும் மணிக்கட்டில் ஒரு சிறு அசைவுதான். ஆனால் கொக்கி உளியைப் பயன்படுத்தத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் இதைக்கொண்டே அடையாளம் காணலாம்.

சுவரின் தடிமனை விரல்களால் அளக்க, லேத்தை நிறுத்திவிட்டுக் கட்டை விரலை உள்ளேயும் ஆள்காட்டி விரலை வெளியேயும் வைத்து விளிம்பிலிருந்து கீழே நகர்த்துங்கள். விளிம்பருகே மெலிந்தும் அடியருகே தடித்தும் இருப்பதே வழக்கமான குறை. ஈரக் கட்டையாக இருப்பதால் தடிமன் சீராக இருப்பது அழகுக்காக மட்டும் அன்று. சீரற்ற சுவர் காயும்போது மெல்லிய பகுதி முந்திச் சுருங்கி, தடித்த பகுதியோடு இழுபறி நடத்தி, விரிசல் விட்டுவிடும்.

உளி மாட்டிக்கொண்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் உளி மாட்டும். அப்போது இழுத்துப் பார்க்காமல் லேத்தை நிறுத்துங்கள். கட்டை சக்கில் நேராக இருக்கிறதா, காம்பில் விரிசல் உண்டா, கொக்கியின் கழுத்துப் பகுதியில் மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் விட்ட கொக்கியை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

பிறகு காரணத்தைத் தேடுங்கள். வாய் 12 மணிப்பக்கம் உருண்டுவிட்டதா, சாய்வுமுகம் தொடும் முன் கூர் தொட்டதா, மூலையில் அவசரப்பட்டீர்களா, கூர் மழுங்கியிருந்ததா என்ற நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். மாட்டிய இடத்தில் ஆழமான ஒரு வடு இருக்கும். அதன் மேலேயே மீண்டும் வெட்டத் தொடங்கினால் கொக்கி அந்தப் பள்ளத்தில் மறுபடி விழும். ஆகவே நடுவிலிருந்து தொடங்கி, மெல்லிய சீவல்களாக எடுத்து, வடு மறையும் வரை அடியைச் சமன் செய்யுங்கள்.

கடைசி வெட்டும் அதற்குப் பின்னும்

வடிவம் அமைந்ததும் கொக்கியை மறுபடி தீட்டி, அடியின் நடுவிலிருந்து விளிம்பு வரை நிறுத்தாமல் ஒரே வெட்டாக, அரை மி.மீ.க்கும் குறைவான சீவலோடு வாருங்கள். துளைப்பான் விட்ட கூம்புக் குழி மறையும் வரை அடியில் ஆழம் கூட்ட வேண்டியிருக்கலாம். துளையை 5 மி.மீ. முன்பே நிறுத்தியது இதற்காகத்தான். ஈர மரத்தில் உப்புத்தாள் விரைவில் அடைத்துக்கொள்ளும் என்பதால் தேய்க்கும் வேலையைக் காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குவளையைக் காற்றோட்டம் குறைந்த இடத்தில், காகிதப் பையிலோ அதன் சீவலுக்குள்ளேயோ வைத்து மெதுவாகக் காயவிட வேண்டும்.

முதலில் செய்யும் சில குவளைகளைக் காயவைக்காமல், சக்கிலிருந்து கழற்றிய உடனே நெடுவாக்கில் இரண்டாக அறுத்துப் பாருங்கள். வெளியிலிருந்து தெரியாத அனைத்தும் அந்த வெட்டுமுகத்தில் தெரியும்: அடியில் பிய்ந்த நார், மூலையில் மீந்த தடிமன், சுவரில் கை தயங்கிய இடத்தில் விழுந்த வரி. அறுத்த பாதியை லேத்தின் அருகே வைத்துக்கொண்டு அடுத்த கட்டையை அதே அளவில் குடையுங்கள். சுவர் மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனாகவும் அடியில் நார் அறுபட்டு மினுமினுப்பாகவும் தொடர்ந்து வரத் தொடங்கிய பின், ஆழத்தை 8 அல்லது 10 செ.மீ.க்குக் கூட்டலாம். வாய் குறுகி வயிறு அகன்ற சாடிகளை அதற்கும் பிறகே தொடங்க வேண்டும், ஏனெனில் அவற்றில் கொக்கியைக் கண்ணால் பார்க்க முடியாது. சாய்வுமுகம் உரசும் ஒலியையும் கைப்பிடியில் தெரியும் அழுத்தத்தையும் மட்டுமே நம்பி வெட்ட வேண்டியிருக்கும்.